சர்வாதிகார நாவல்களில் காதல் ஏன் குற்றமாகிறது? தொடக்க வாசகருக்கு ஒரு விளக்கம்

சர்வாதிகார அரசைக் கற்பனை செய்யும் நாவல்களில் நாலைந்தை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படாமல் போகாது. அரசின் பிரமாண்டம், ஒற்றர் படை, சித்திரவதைக் கூடம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டிய பிறகு, கதை நேராக ஓர் ஆணும் பெண்ணும் யாருக்கும் தெரியாமல் சந்திக்கும் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யெவ்கெனி ஸமியாத்தின் 1920-21இல் எழுதிய ‘நாம்’, ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ (1932), ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ (1949), மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) என்று பட்டியல் நீளும். நான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத எழுத்தாளர்கள். இருந்தும் நால்வர் கையிலும் அரசுக்கு எதிரான செயலாக வந்து நிற்பது தடை செய்யப்பட்ட ஆசைதான்.

விற்பனைக்காகத் தூவிய மசாலா என்று இதை ஒதுக்கினால் நாவல் எப்படி ஓடுகிறது என்பதே பிடிபடாது. இவ்வகைக் கதைகளை டிஸ்டோபியா என்கிறோம். ஒழுங்கு, சமத்துவம், பாதுகாப்பு என்று ஏதோ ஒரு நல்ல பெயரைச் சொல்லி மனித வாழ்க்கை மொத்தத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்ட சமூகத்தைப் பற்றிய கதை. அதில் காதல் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அரசுக்கு இதில் என்ன போயிற்று?

இருவர் ஒரு அறையில் சந்தித்தால் அவ்வளவு பெரிய அரசுக்கு என்ன நஷ்டம்? நியாயமான கேள்வி. பழைய பாணிக் கொடுங்கோலனுக்கு நஷ்டமில்லை. வரி வந்தால் போதும், எதிர்த்துப் பேசாமல் இருந்தால் போதும், கதவைச் சாத்திய பிறகு யாரோடு யார் என்பது அவன் கவலை அல்ல. டிஸ்டோபியா அரசுக்கு அது பற்றாது. அதற்கு மனசும் வேண்டும், முழுசாக வேண்டும். ஒருவன் ஒருத்தியின் மேல் வைக்கும் பற்று அப்போது அரசுக்குச் சேரவேண்டியதில் விழுந்த துண்டு ஆகிவிடுகிறது. இருவர் மட்டும் அறிந்த ரகசியம் அரசின் காதில் விழாத பேச்சு. சேர்ந்து கழித்த ஒரு மணி நேரம், ஊர்வலத்துக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ போகாத ஒரு மணி நேரம்.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான். ஆசைக்குத் தானாகக் கலக குணம் கிடையாது; அரசு எதைக் கணக்கு வைத்திருக்கிறதோ, அந்தக் கணக்கில் இடிக்கிற ஆசைதான் கலகம். அதனால்தான் ஒரு நாவலில் உடலுறவு குற்றம், இன்னொன்றில் ஒருவனுக்கு ஒருத்தி என்றிருப்பது குற்றம், வேறொன்றில் ஒரு பெண் கையில் பத்திரிகை வைத்திருப்பதே குற்றம்.

தமிழில் படித்தும் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் உண்டு. காதலுக்கு எதிர்ப்பு என்றதும் அப்பா, சாதி, ஊர் என்று மனம் ஓடும். சங்க அகப்பாடல்களிலேயே தாயின் காவலும் ஊரார் தூற்றும் அலரும் இருக்கின்றன. ஆனால் அந்த எதிர்ப்பாளர்களுக்கும் கல்யாணத்தில் நம்பிக்கை உண்டு. அவர்கள் வேண்டாம் என்பது இந்த மாப்பிள்ளையை, இந்தப் பெண்ணை. களவு கற்பில் போய் முடிய வழி இருக்கிறது. இல்லாவிட்டால் உடன்போக்கு, வேறு ஊர். டிஸ்டோபியாவில் வேறு ஊர் கிடையாது, எல்லையும் அரசின் கையில். போட்டி மாப்பிள்ளையும் கிடையாது, அந்த இடத்தில் அரசே வந்து நிற்கிறது.

இளஞ்சிவப்புச் சீட்டு

இந்த வகையின் முன்மாதிரி ‘நாம்’. 1924இல் ஆங்கிலத்தில் வந்துவிட்ட இந்த ரஷ்ய நாவல் சோவியத் மண்ணில் அச்சேற 1988 வரை காத்திருந்தது. அதில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். நாயகன் டி-503, விண்கலம் கட்டும் பொறியாளன். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. எழுவதும் உண்பதும் உறங்குவதும் ஒரே கால அட்டவணைப்படி. நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் சொந்த நேரம்: மாலை 4 முதல் 5 வரை, இரவு 9 முதல் 10 வரை.

இங்கே உடலுறவுக்குத் தடை இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த எண்ணும் வேறு எந்த எண்ணையும் கேட்டுப் பெறலாம் என்று சட்டமே இருக்கிறது. நடைமுறையும் தெளிவு. ஆய்வகத்தில் ரத்தத்தைச் சோதித்து, ஹார்மோன் அளவுக்கேற்ப இத்தனை நாள் என்று அட்டவணை போட்டுத் தருவார்கள். இன்ன எண் வேண்டும் என்று விண்ணப்பித்தால் இளஞ்சிவப்புச் சீட்டுப் புத்தகம் கிடைக்கும். சீட்டைக் கொடுத்தால் திரையை இறக்கிக்கொள்ளலாம். கண்ணாடி வீட்டில் திரை இறங்குவது அப்போது மட்டுமே.

அப்படியானால் ஐ-330 என்ற பெண்ணோடு டி-503 செய்யும் குற்றம் எது? அவனுக்கு அவள் மட்டும் வேண்டும் என்றாகிறது, பொறாமை வருகிறது. அவள் தடை செய்யப்பட்ட மதுவைக் குடிக்கிறாள், அவனுக்கும் வாயோடு வாய் புகட்டுகிறாள். 22.30க்குப் பிறகு தெருவில் நடமாடக் கூடாது என்ற சட்டம் இருக்க, நேரத்தைச் சொல்லியே அவனைச் சீண்டுகிறாள். வேலைக்குப் போகாததை மறைக்க ஒரு மருத்துவரிடமிருந்து பொய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிறாள். உடம்பு அரசின் பட்டியலில் இருக்கிறது. அட்டவணைக்கு வெளியே போன நேரமும், சீட்டில் எழுத முடியாத ஏக்கமும்தான் அரசை உறுத்துகின்றன. மருத்துவர் அவனைப் பரிசோதித்துவிட்டுச் சொல்லும் நோயின் பெயர்: உனக்குள் ஓர் ஆன்மா உருவாகிவிட்டது.

பக்கத்திலேயே ஓ-90 என்று இன்னொரு பெண். தாயாகும் தகுதிக்கு அரசு விதித்த உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் குறைவு என்பதால் அவளுக்குப் பிள்ளை பெறும் உரிமை இல்லை. அவளுக்கோ அதுதான் ஆசை. டி-503இடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு, நகரத்தைச் சுற்றி நிற்கும் பச்சைச் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறாள். அரசைக் கவிழ்க்க ஐ-330 போட்ட புரட்சித் திட்டம் நொறுங்குகிறது. டி-503இன் மூளையிலிருந்து கற்பனையை அறுவைசெய்து எடுத்துவிடுகிறார்கள். ஐ-330 காற்றை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று முறை திணறடிக்கப்படுவதை அவன் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தப்பியது, பெரிய கொள்கை எதுவும் பேசாத அந்தக் குள்ளப் பெண். விமர்சனங்கள் ஐ-330ஐக் கொண்டாடிவிட்டு ஓ-90ஐ ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதல்ல.

ஒரு ஜூன் மாதத்தில் ஏழு சந்திப்புகள்

ஆர்வெல் ‘நாம்’ நாவலைப் படித்து 1946இல் மதிப்புரை எழுதியவர். ‘1984’இல் அவர் கணக்கை மாற்றிப் போட்டார். இங்கே ஆளும் கட்சியின் உறுப்பினர்களுக்கு உடல் சுகமே சந்தேகத்துக்குரியது. கல்யாணத்துக்கு ஒரு குழு அனுமதி தரவேண்டும். இருவருக்குள் ஈர்ப்பு இருப்பதுபோல் தெரிந்தால் அனுமதி கிடைக்காது. கட்சிக்குப் பிள்ளை பெற்றுத் தருவது மட்டுமே ஒப்புக்கொள்ளப்பட்ட நோக்கம். நாயகன் வின்ஸ்டனின் மனைவி கேத்தரின் வாரம் ஒரு நாள் குறித்து, காலையிலேயே நினைவூட்டி, அதைக் ‘கட்சிக்கான நம் கடமை’ என்று சொல்வாள். சுமார் 15 மாதத்தில் பிரிந்துவிடுகிறார்கள். இந்தச் சின்னப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. அவன் காதலிக்கப்போகும் ஜூலியா வருவதற்கு முன் சட்டம் எப்படிப் படுக்கை வரை வந்து படுத்திருக்கிறது என்பதைக் காட்டுவது இதுதான்.

ஆர்வெல் அவசரப்படவே இல்லை. முதல் பாகத்தின் 8 அத்தியாயங்களிலும் ஜூலியா ஓரத்தில் மட்டும் வருகிறாள், அதுவும் உளவாளியோ என்ற பயத்தோடும் வெறுப்போடும். காமத்துக்கு எதிரான இளைஞர் சங்கத்தின் சிவப்புப் பட்டையை இடுப்பில் கட்டியிருப்பவள். இரண்டாம் பாகம் தொடங்கும்போதுதான் கையில் கட்டுடன் வந்து தடுக்கி விழுந்து, தூக்கிவிட வந்தவன் கையில் சீட்டைத் திணிக்கிறாள். ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்றிருக்கிறது. அதைப் படித்த பிறகு அவளிடம் ஒரு வாக்கியம் பேச அவனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

அடுத்து வருவது, எனக்குத் தெரிந்தவரை, இந்த வகையிலேயே மிகக் கச்சிதமான பக்கம். கூட்டத்தின் நடுவே, உதடு அசையாமல், அவனைப் பார்க்காமல் அவள் வழி சொல்கிறாள். அரை மணி ரயில் பயணம். நிலையத்துக்கு வெளியே இடப்பக்கம் திரும்பு. சாலையில் இரண்டு கிலோமீட்டர். மேல் கட்டை இல்லாத ஒரு படல். வயல் குறுக்கே பாதை, புல் மண்டிய சந்து, புதர்களுக்கு நடுவே ஒற்றையடித் தடம், பாசி படிந்த பட்ட மரம். காதல் வசனம் ஒன்றும் இல்லை. எங்கெல்லாம் கண்காணிப்பு இல்லை என்று ஒருத்தி வரைந்து வைத்திருக்கும் வரைபடம் அது. காட்டிலும் ஒலிவாங்கி ஒளித்து வைத்திருக்கலாம் என்ற பயம் அப்போதும் போகவில்லை.

மே 2 அன்று சந்திக்கிறார்கள். அந்த மே மாதம் முழுக்க இன்னும் ஒரே ஒரு தடவைதான் வாய்க்கிறது, ஒரு பாழடைந்த தேவாலயத்தின் மணிக்கூண்டில். காரணம் காவல்துறை மட்டும் அல்ல, நேரமின்மை. வின்ஸ்டனுக்கு வாரத்துக்கு 60 மணி நேர வேலை, ஜூலியாவுக்கு அதைவிட அதிகம். இருவரின் ஓய்வு நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதற்கு மேல் கூட்டம், விரிவுரை, துண்டுப் பிரசுரம். இந்தக் கட்சி வேலைகளை ஜூலியா மற்றவர்களைவிட அதிகமாகவே செய்கிறாள். சின்ன விதிகளை ஒழுங்காகக் காப்பாற்றினால் பெரிய விதிகளை மீறலாம் என்பது அவள் கணக்கு. பழைய பொருள் கடையின் மாடியறையை வாடகைக்கு எடுத்த பிறகு, ஜூனில் ஏழு முறை சந்திக்க முடிகிறது. வின்ஸ்டனின் காலில் இருந்த புண் வற்றுகிறது, உடம்பு தேறுகிறது, எந்நேரமும் ஜின் குடிக்கும் பழக்கம் நிற்கிறது. அறையில் உண்மையான காப்பி, உண்மையான சர்க்கரை, ஜூலியாவின் முகத்தில் கொஞ்சம் பூச்சு. காமத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை ஆர்வெல் காப்பி வாசனைக்கும் கொடுக்கிறார். இரண்டும் கட்சி மறுத்தவைதான்.

அவர்கள் கூடுவதை ஓர் அரசியல் செயல் என்றும், கட்சிக்கு விழுந்த அடி என்றும் நாவலே சொல்கிறது. ஜூலியாவின் விளக்கம் இன்னும் நேரடியானது: காதலிப்பவர்களுக்குச் சக்தி செலவாகிறது, பிறகு நிறைவு வருகிறது, எதைப் பற்றியும் கவலை இருக்காது, அது கட்சிக்குப் பிடிக்காது, கொடி பிடித்துக் கத்துவதெல்லாம் புளித்துப்போன காமம். அடக்கி வைத்த இச்சை போர்வெறியாக மடைமாறுகிறது என்ற இந்தக் கருத்தை 1930களில் உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைக் போன்றவர்கள் கோட்பாடாகவே எழுதியிருந்தார்கள். கவர்ச்சியான கருத்து. ஆனால் எல்லா நாவலுக்கும் இதையே சாவியாக எடுத்துக்கொண்டால் ‘நாம்’ கதவே திறக்காது, ஹக்ஸ்லியின் கதவும்தான்.

அறை பொறி என்பது பின்னால் தெரிகிறது. சுவரில் இருந்த படத்துக்குப் பின்னால், எதிரில் இருப்பவரையே உளவு பார்க்கும் தொலைத்திரை இருந்தது. கடைக்காரர், மனசுக்குள் எழும் எதிர்ப்பையும் தேடிப் பிடிக்கும் சிந்தனைக் காவலைச் சேர்ந்தவர். வின்ஸ்டனை ஏழு வருஷமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். சித்திரவதைக்கான அறை எண் 101இல், அவன் எதையும்விட அஞ்சும் எலிகள் அடைத்த கூண்டு முகத்துக்கு நெருங்கும்போது, இதை ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று அவன் கதறுகிறான். அவளும் அதையே செய்திருக்கிறாள்.

பலரும் இதோடு புத்தகத்தை மனசில் மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் சந்திப்பு இன்னும் முக்கியம். விடுதலையான பிறகு ஒரு மார்ச் மாதக் குளிரில் இருவரும் பூங்காவில் எதிர்ப்படுகிறார்கள். அவன் அவள் இடுப்பில் கை போடுகிறான். அவள் உடம்பு பிணம்போல் கனத்து விறைத்திருக்கிறது. யாரும் தடுக்கவில்லை, விரும்பினால் இன்னொரு முறை சந்திக்கலாம், அதைப் பற்றி இனி எவருக்கும் அக்கறை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். முன்பு உயிருக்கே ஆபத்தாக இருந்த அதே செயலை அரசு இப்போது சீந்தக்கூட இல்லை. பற்று போய்விட்டது, எனவே கணக்கில் இடிக்க ஒன்றும் இல்லை.

தலைகீழ் வழக்கு

ஹக்ஸ்லியின் உலகில் ‘எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்’. குழந்தைகள் குப்பியில் பிறக்கிறார்கள், ‘அம்மா’ கெட்ட வார்த்தை. லெனினா என்ற பெண் நாலு மாதமாக ஒரே ஒருவனோடு மட்டும் போய்வருகிறாள் என்று தோழி அவளைக் கண்டிக்கிறாள், மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமுறுத்துகிறாள். இங்கே கலகம் செய்ய ஒருத்தியையே நேசித்தால் போதும். கேட்டவுடன் கிடைக்கும் சுகத்தில் ஏக்கம் ஊறாது, ஏக்கம் இல்லாதவன் கேள்வி கேட்க மாட்டான்; அந்த அரசு நிற்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் இதற்கு எதிராக வரும் ஜான் என்ற இளைஞனையும் ஹக்ஸ்லி வீரனாக்கவில்லை. ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்த ஜான், தன்னை நாடி வரும் லெனினாவை வேசி என்று ஏசி அடிக்கிறான். தடையை மீறிய ஆசை எல்லாம் விடுதலை தரும் ஆசை என்று நினைக்கும் வாசகருக்கு இது நல்ல மருந்து.

அட்வுட்டின் கிலியட் நாட்டில் பெரும்பாலான பெண்கள் படிக்கவே கூடாது. அதனால் அங்கே கள்ள உறவின் தொடக்கம் முத்தத்தில் இல்லை. அதிகாரி, தனக்குப் பிள்ளை பெற்றுத்தர வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் கதைசொல்லிப் பெண்ணைத் தன் படிப்பறைக்கு ரகசியமாக அழைத்து, எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டம் ஆடலாமா என்கிறான். பிறகு பழைய பத்திரிகை, கைக்குப் பூசும் லோஷன். சட்டம் போட்ட வர்க்கமே சட்டத்தை மீறித் தின்கிறது என்பதையும் இதில் கவனிக்கலாம். அவளாக விரும்பிப் போவது ஓட்டுநர் நிக்கிடம். அங்கேதான் அட்வுட் முந்தைய ஆண் எழுத்தாளர்கள் யாரும் கேட்காததைக் கேட்கிறார். நிக் கிடைத்த பிறகு அவளுக்குத் தப்பிக்கும் எண்ணமே மங்கிவிடுகிறது. ரகசிய இயக்கத்துக்காக அதிகாரியை உளவு பார்க்கச் சொல்லும் தோழியின் பேச்சும் காதில் ஏறுவதில்லை. சிறைக்குள் கிடைத்த சுகம் சிறையைத் தாங்கக்கூடியதாக்கிவிடுகிறது.

நிஜத்தில்

வரலாற்றில் எங்குமே நடக்காத எதையும் சேர்ப்பதில்லை என்பது அட்வுட் வைத்துக்கொண்ட விதி. பஞ்சமில்லாத சரக்குதான். ஜெர்மனியில் 1935 செப்டம்பரில் வந்த நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களுக்கும் ‘ஜெர்மானிய ரத்தம்’ உள்ளவர்களுக்கும் இடையே திருமணத்தையும் உறவையும் குற்றமாக்கின. சோவியத் ஒன்றியம் 1947இல் தன் குடிமக்கள் வெளிநாட்டவரை மணப்பதைத் தடை செய்தது. ஸ்டாலின் இறந்த 1953இல்தான் அது நீங்கியது. தென்னாப்பிரிக்காவில் கலப்பு மணத் தடை 1949 முதல் 1985 வரை இருந்தது. ருமேனியாவில் ஆட்சியாளர் சௌஷெஸ்குவின் 1966ஆம் ஆண்டு ஆணை கருக்கலைப்பைத் தடுத்தது. 1980களில் வேலையிடங்களிலேயே பெண்களுக்கு மருத்துவச் சோதனை நடத்துமளவுக்குப் போனது. ஸமியாத்தின் எழுதும்போது இவற்றில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

எழுதும்போது எங்கே கெடுகிறது

இந்தக் கருவை எடுத்து எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது வரிசையில். காதலர்களை முதல் அத்தியாயத்திலேயே சந்திக்க வைத்துவிட்டு, பிறகு சட்டத்தை விளக்குவார்கள். வாசகருக்கு அப்போது அது வெறும் காதல், தடை ஒட்டவைத்த காகிதம். சட்டம் முதலில் வரவேண்டும், அதுவும் விளக்கமாக வராமல் யாரோ ஒருவரின் அன்றாடத்தில் வரவேண்டும். கேத்தரினின் வாராந்தரக் கடமை மாதிரி.

அடுத்தது கண்காணிப்பின் சீர். ஊரெல்லாம் கேமரா என்று சொல்லிவிட்டு, காதலர்கள் மட்டும் நினைத்தபோது மொட்டைமாடியில் சந்தித்தால் அரசு பொம்மை ஆகிவிடும். எந்த நாள், எத்தனை நிமிடம், யார் பார்த்திருக்கலாம், வராத வேலைக்கு என்ன பொய் என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் விலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கும் இல்லாத சந்திப்பை வெட்டிவிடலாம்.

முத்தத்தால் அரசு கவிழ்வது இன்னொரு நோய். ஒரு காதல் அரசின் பிடியில் ஓட்டை போடலாம், ஆட்சியை மாற்ற அதற்கு அமைப்பும் ஆளும் வேண்டும். ஐ-330 ஒரு ரகசிய இயக்கத்தைச் சேர்ந்தவள், டி-503 மேல் அவளுக்கிருந்த ஆர்வத்தில் எவ்வளவு அவன் கட்டும் விண்கலத்தின் மேல் என்பது கடைசிவரை தெளியாது. அந்தத் தெளியாமைதான் அவளைப் பாத்திரமாக நிறுத்துகிறது. பெண்ணை, ஆணைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் அலார மணியாக மட்டும் பயன்படுத்துவது இந்த வகையின் பரம்பரைக் குறை; ஆர்வெலும் தப்பவில்லை. தடை செய்யப்பட்ட அரசியல் நூலை வின்ஸ்டன் வாசித்துக் காட்டும்போது ஜூலியா தூங்கிவிடுகிறாள், அவளுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் கலகம் என்று அவன் கிண்டல் செய்கிறான். எப்படி வாழ்வது, எப்படி மறைவது, எங்கே காப்பி கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது என்பதை நாவல் காட்டுகிறது, நாயகன் மதிப்பதில்லை.

படிக்கத் தொடங்குகிறவர்கள் ‘1984’ஐ முதலில் எடுக்கலாம், கதை நேர்கோட்டில் போகும். கையில் பென்சில் வைத்துக்கொண்டு, காதலர்கள் வரும் ஒவ்வொரு காட்சியிலும் அரசிடமிருந்து போனது நேரமா, பேச்சா, பற்றா, பொருளா என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதிக்கொண்டே போங்கள். அடுத்து ‘நாம்’. 40 குறிப்புகளாக எழுதிய நாட்குறிப்பு வடிவம், முதல் பத்து கொஞ்சம் முரடாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். ஹக்ஸ்லியை மூன்றாவதாக வைத்தால் அதுவரை ஓரத்தில் எழுதிவந்த சொற்களில் பாதி பொருந்தாமல் போகும், அதற்காகவே அந்த இடம். அட்வுட் கடைசியில், அதன் முடிவில் 2195இல் நடக்கும் ஒரு கல்விக் கருத்தரங்கின் பதிவு வரும், பின்னிணைப்புதானே என்று தாண்டிவிட வேண்டாம், அதுவும் நாவல்தான்.